ரோதமுனியிடம் அம்மா கேட்டது

அண்ணனுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதலில் கிளம்பிய பேச்சு, அவர் இத்தனை காலமும் யாருக்கும் தெரியாமல் குடித்திருக்கிறார் என்பதுதான். எங்கள் பக்கத்தில் ஈரல் கெட்டுப் போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அண்ணனோ தீபாவளிக்குக்கூட ஒரு சொட்டு தொடாதவர். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், தூள் சலிக்கும் பகுதியில் வேலை. வேலை முடிந்தால் நேரே வீடு. "கமுக்கமா குடிச்சிருப்பாரு" என்று எங்கள் லய வீட்டு வரிசையில் ஒருத்தி என்னிடமே சொன்னாள். "ஆமா, கசிப்பு காய்ச்சி தலகாணிக்கு அடியில வெச்சிருந்தாரு" என்றேன். அவள் அதையும் நம்பிவிட்டாள். கொஞ்ச நாளில் அந்தத் தலையணைக் கதை வேறொருவர் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது.

உண்மையான காரணம், எப்போதோ இரத்தத்தில் ஏறிய ஒரு காமாலைக் கிருமி. சின்ன வயதிலேயே ஏறியிருக்க வேண்டும் என்றார்கள். அது சத்தம் போடாமல் உள்ளேயே இருந்து ஈரலைச் சுருங்க வைத்திருந்தது. சுருங்கிய ஈரலில் ஒரு கட்டி. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்த டொக்டர், புற்றுநோய்தான், ஆனால் சின்னது, வெளியே பரவவில்லை என்றார். கட்டியை மட்டும் வெட்டினால் மிச்ச ஈரல் தாங்காது, ஈரலையே மாற்றிவிட்டால் கட்டியும் போகும், சுருங்கிய ஈரலும் போகும் என்றார். கேட்பதற்கு எல்லாம் நேராக இருந்தது. உயிரோடிருக்கும் ஒருவர் தன் ஈரலில் பெரிய பங்கைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்குச் சில மாதங்களில் அது மறுபடி வளர்ந்துவிடும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அண்ணியின் இரத்தம் சேரவில்லை. பிள்ளை சின்னவள். என்னுடையது சேர்ந்தது.

அம்மா என்னிடம் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் எதையும் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஒரு பலாப்பழம் வேண்டுமென்றாலும், "உங்க பக்கம் இப்ப பலா காய்க்குதா" என்றுதான் கேட்பார். ஈரலை அப்படிச் சுற்றிவளைத்துக் கேட்க முடியாது. அதனால் ஒன்றும் சொல்லாமல் என் வீட்டுக்கு வந்து, கஹவத்தையிலிருந்து கடைசி பஸ் போகும் நேரம் வரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். நானாகச் சொன்னேன். என் கணவர் முச்சக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டே, "குடுக்கிறதுன்னா குடு. ஆனா டொக்டர்கிட்ட நானும் பேசணும்" என்றார். பேசினார். ஒரே கேள்விதான் கேட்டார், நான் திரும்பி வருவேனா என்று. தோட்டப் பாடசாலையில் நாலாம் வகுப்பை இன்னொரு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு நான் கிளம்பினேன். பயமாக இருந்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. அப்போதே எனக்குள் ஏதோ அணைந்துவிட்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா ரோதமுனியிடம் போனார்.

ரோதை என்றால் சக்கரம். ரோதமுனி எங்கள் ஸ்டோரின் காவல்காரர். ஸ்டோரின் பின்சுவரை ஒட்டி ஒரு மரத்தடியில் கல்லும் சூலமுமாக இருக்கிறார். மாரியம்மனுக்குத் தோட்டம் முழுவதும் சொந்தம். இவருக்கு மெஷின் மட்டும்தான். கொழுந்து அரைக்கும் ரோலரில் யாருடைய கையும் போகாமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. அதற்காக வருஷத்துக்கு ஒருமுறை கெடா வெட்டுவார்கள். துரைமார் மாறினாலும், மெஷின் மாறினாலும், அந்தப் பூசை மட்டும் நிற்காது. ரோலரில் வேலை செய்யும் ஒருவர்தான் பூசாரி. இரும்பு, கத்தி, வெட்டு எல்லாம் முனியின் இலாகா என்பதால் அம்மா மாரியம்மனை விட்டுவிட்டு நேராக இவரிடம் போனார். எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. ஆனாலும் வேலையைப் பிரித்து வைத்திருந்த விதம் எனக்குச் சரியாகப் பட்டது.

"கத்திக்குப் போற ரெண்டு புள்ளைங்களும் கத்தியத் தாண்டி வீடு வந்து சேரணும். வந்தா ஒரு கெடா." இவ்வளவுதான் அம்மா கேட்டது. பூசாரி அதை ஒருமுறை திருப்பிச் சொல்லி, திருநீறு கொடுத்தார். அங்கே அதுதான் முறை. என்ன கேட்கிறோமோ அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொடுத்தபின் கணக்கு முடிந்தது, அதையே மறுபடி கேட்கக் கூடாது.

ரோதமுனி சொன்னபடி செய்தார். இரண்டு பேரும் கத்தியைத் தாண்டி வந்தோம்.

ஒப்பரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தூங்கினேன், எழுந்தேன், வலித்தது. அண்ணன் பக்கத்து அறையில் இருந்தார், பார்க்க விடவில்லை. வலி குறைந்தபோது, வயிற்றில் தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப் போயிருப்பதைக் கவனித்தேன். கிள்ளினாலும் தெரியவில்லை. நரம்பு வெட்டுப்பட்டிருக்கும், மெல்ல மெல்ல வரும், சிலருக்கு வராது என்று நர்ஸ் மிஸ் சொன்னார். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. பார்க்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மனுஷியில்ல, தெய்வம்" என்று அழுதபோது எனக்குள்ளும் அந்தத் தோல் மாதிரித்தான் மரத்திருந்தது. அழுபவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது போவார் என்று யோசிப்பேன்.

நாங்கள் வீடு வந்ததும் அம்மா நாள் கடத்தவில்லை. கடன் வைத்தால் சாமிக்குப் பிடிக்காது என்று கெடா வெட்டிவிட்டார். அண்ணன் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதால் வாசலில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தூரத்தில் தப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டுதல் யாருக்காகவோ அவருக்குத்தான் கெடாவின் ஈரல். நெருப்பில் வாட்டி அங்கேயே கொடுப்பது வழக்கம். அண்ணனுக்கு அந்தமாதிரி அரைகுறையாக வெந்தது ஆகாது. அதனால் முழு ஈரலும் என் தட்டில் வந்து விழுந்தது. "குடுத்த எடம் வளரணும்ல" என்றார் அண்ணி. அன்றோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் ஈரலோடுதான் வந்தார்கள். ஆட்டீரல், கோழி ஈரல், மிளகு போட்டது, தேங்காய் போட்டது. ஈரலைக் கண்டாலே எனக்குக் குமட்டும் வரைக்கும் கொண்டுவந்தார்கள். என் கணவர்தான் ரகசியமாகத் தின்று தீர்த்தார், கொஞ்சம் சதையும் போட்டார்.

அப்புறம்தான் ரிப்போர்ட் வந்தது.

அண்ணனிடமிருந்து வெளியே எடுத்த பழைய ஈரலைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்களாம். கிளினிக்கில் அண்ணனும் நானும் உட்கார்ந்திருந்தோம். டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எங்கள் இருவருக்குமே சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனாலும் அன்று ஒவ்வொரு சொல்லும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. ஸ்கேனில் ஒரே வகைப் புற்றுநோய் மாதிரித்தான் தெரிந்தது. வெட்டிப் பார்த்தால் அந்த ஒரே கட்டிக்குள் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று ஈரலின் சொந்தச் செல்லில் வருவது. இன்னொன்று பித்தக் குழாயின் செல்லில் வருவது. முதல் வகைக்கு ஈரல் மாற்றுவது நல்ல சிகிச்சை. இரண்டாவது கலந்திருந்தால் திரும்பி வரும் பயம் கூட.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

டொக்டர் மழுப்பவில்லை. "தெரிந்திருந்தால் நிறைய யோசித்திருப்போம், நங்கி. ஒருவேளை மாற்றியிருக்கவே மாட்டோம்" என்றார். ஸ்கேனில் அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், பலருக்கு இப்படிப் பிறகுதான் தெரியவரும் என்றார். கட்டி சின்னதாக இருந்தபோதே எடுத்ததால் திரும்பி வராமலே இருப்பவர்களும் உண்டு, ஒழுங்காக ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி என்னை நங்கி என்று அவர் கூப்பிட்டது இதமாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தார். வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவிசாவளை தாண்டியதும் அண்ணன் பேச்செடுத்தார். "சல்லடையில ரெண்டு தரத் தூளு கலந்து விழுந்துட்டா இப்பிடித்தான்" என்றார். "பாத்தா ஒரே தூளாத்தான் இருக்கும். சாயம் ஊத்தி ருசி பாக்குறவன் வாயில வெச்சாத்தான் தெரியும்." அதைச் சொன்னபோது அவருக்குப் பயமே இல்லாத மாதிரி இருந்தது. வேலை விஷயம் பேசுகிற குரல்தான். அதன்பிறகு தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. கொடுத்த ஈரல் வீணாகிவிடுமோ என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய ஈரலைப் பற்றி நினைப்பது போல இருந்தது.

அம்மாவிடம் மறைக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நானே சொன்னேன். அம்மா கையில் இருந்த பாக்கைச் சீவுவதை நிறுத்தாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் என்னையோ டொக்டரையோ ஒன்றும் சொல்லவில்லை. தன்னைத்தான் நொந்துகொண்டார்.

"கத்தியத் தாண்டி வரணும்னுதான் கேட்டேன். சீக்கப் பத்திக் கேக்கவே இல்லியே" என்றார். "அவரு கேட்டத குடுத்துட்டாரு. நான்தான் பாதி கேட்டிருக்கேன்."

அன்றே என்னை இழுத்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனார். சீக்குக்காகத் தனியாக ஒரு வேண்டுதல் வைக்க வேண்டும். பூசாரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஆள், அதே ஈரல், அதே காரியம். கெடா வெட்டிக் கணக்கு முடித்த பிறகு மறுபடி போய் நின்றால், கொடுத்ததில் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் பயந்தது சாமிக்காக மட்டுமில்லை. முனியைச் சீண்டிவிட்டு மறுநாள் காலையில் ரோலருக்கு முன்னால் கை நீட்ட வேண்டியவர் அவர்தானே.

அம்மா விடவில்லை. "அதே சீக்கு இல்ல. ரெண்டு சீக்குன்னு டொக்டரே சொல்லிட்டாரு. இந்தா, இவ கேட்டுக்கிட்டு வந்திருக்கா. சொல்லுடி."

நான் சொன்னேன். ஒரே கட்டி, உள்ளே இரண்டு வகை. பூசாரி தலையைச் சொறிந்தார். "ரெண்டு கட்டியா, ஒரு கட்டியா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். "அப்ப ஒரு காரியந்தானே." ஆனால் வகை இரண்டு, பிறந்த இடமும் வேறு என்றேன். ஒன்று ஈரலில் பிறந்தது, மற்றது பித்தக் குழாயில். "அப்ப வேற வேற ஊரு" என்றார் பூசாரி யோசனையோடு. "ஆமா" என்றார் அம்மா, "வேற ஊருக்காரன். ஒருத்தனத்தான் தொரத்துனோம். இன்னொருத்தன் பேரையே நாம எடுக்கல." அந்த வாதத்தில் ஓட்டை இருந்தது. அம்மா முதலில் எந்த நோயின் பேரையும் எடுக்கவில்லை. பூசாரிக்கும் அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் அண்ணனோடு ஒரே ஸ்டோரில் பல வருஷம் தூசி குடித்தவர். "சரி, வேற சீக்குன்னே வெச்சுக்குவோம்" என்றார்.

இந்தத் தடவை அம்மா வார்த்தைக்கு வார்த்தை யோசித்தார். சீக்கு திரும்பி வரவே கூடாது என்று கேட்கச் சொன்னேன். அம்மா தலையாட்டினார், வேண்டாமென்று. "அம்புட்டும் கேட்டா அவரு தரமாட்டாரு. சாவே வரக் கூடாதுன்னு கேக்குற மாதிரி அது. தர்ற மாதிரி கேக்கணும்." கடைசியில் மரத்தடியில் நின்று அம்மா கேட்டது இதுதான்: "எம் பேத்தி பெரிய மனுஷியாகி, சீல கட்டி, அவ அப்பன் கால்ல விழுந்து எந்திரிக்கணும். அதுவரைக்கும் அந்த ரெண்டாவது சீக்கு வராம நீ பாத்துக்க. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்." பூசாரி அதைத் திருப்பிச் சொன்னார். ஸ்டோருக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகனுக்கு ஆயுசு கேட்க வந்த தாய் விலையைத் தானே குறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். பேத்திக்கு இப்போது என்ன வயது, இன்னும் எத்தனை வருஷம் தேவைப்படும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பு வாத்திச்சிக்கு அதுதான் வந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் நன்றாக இருந்தார். ஸ்டோரில் தூசி இல்லாத வேலை கொடுத்தார்கள், வாசலில் உட்கார்ந்து மூட்டை எண்ணுவது. முகத்தில் சதை வந்தது. மாத்திரை நேரம் தவறாமல் போட்டார். நான் பாடசாலைக்குப் போனேன், வந்தேன். கொழும்புக்கு ஸ்கேனுக்குப் போகும் நாட்களில் மட்டும் அண்ணனும் நானும் சேர்ந்து போவோம். ஒவ்வொரு தடவையும் டொக்டர் படத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்பார். அப்படிச் சொல்லும்போதும் எனக்குச் சந்தோஷம் வந்ததாக நினைவில்லை. சாப்பாட்டுக் கடையில் என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டு இறங்குவோம்.

போன தடவை டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. படத்தைப் பக்கத்து அறைக்கு எடுத்துப் போய் இன்னொருவரிடம் காட்டிவிட்டு வந்தார். புதிய ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்றார். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் சொல்லலாம், ஆனால் இரத்தப் பரிசோதனை அளவும் கூடியிருக்கிறது, திரும்பி வந்திருப்பதாகவே நினைக்கிறேன் என்றார். அம்மா கேட்ட நாள் இன்னும் வரவில்லை, அண்ணன் மகள் இன்னும் சின்னப் பிள்ளைதான். மறுபடி ஈரல் மாற்ற வழியில்லை. மருந்து இருக்கிறது, தொடங்கலாம், காலத்தை நீட்டலாம் என்றார். ஊசிக்கு வர ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அதே கிளினிக்கில் அன்றே என்னையும் ஸ்கேன் பண்ணினார்கள், கொடுத்தவர்களை அவ்வப்போது பார்ப்பது வழக்கம். அதையும் முடித்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

இரத்தினபுரி ஸ்டாண்டில் இறங்கிக் கஹவத்தை பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். மழை விட்டபாடில்லை. தகரக் கூரைக்குக் கீழே சனம் நெருக்கியடித்தது. அண்ணன் மாஸ்க்கை இறக்கிவிட்டு இஞ்சித் தேத்தண்ணி குடித்தார். குடித்து முடித்து, "ஒன்னோட ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"முழுசா வளந்திருச்சாம். நல்லா இருக்காம்."

"புள்ளி கிள்ளி ஒண்ணும் இல்லியே?"

"இல்லண்ணே."

"அப்ப ஒங்கிட்ட நின்ன பாதி நல்லாத்தான் இருக்கு." காலிக் கிளாசைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார். "எங்கிட்ட வந்த பாதியத்தான் நான் கெடுத்துட்டேன்."

"சீக்கு ஒங்க ஒடம்புல ஏற்கனவே இருந்திருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அதத்தான் நானும் சொல்றேன். நல்லா இருந்த பொருள வாங்கி, சீக்கு இருக்குற எடத்துல வெச்சிட்டேன். ஒங்கிட்டயே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." என்னைப் பார்க்காமல் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மன்னிச்சிக்க தங்கச்சி. நீ குடுத்தத என்னால பாத்துக்க முடியல."

என் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டுக்கூடக் கேட்டதில்லை. சாகப் போகிற ஒரு மனிதர், தன் சாவை விட்டுவிட்டு, என் சாமானைப் பழுதாக்கிவிட்டதாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அப்படியொரு கோபம். ஒப்பரேஷனிலிருந்து இதுவரைக்கும் வராதது எல்லாம் அந்தப் பெஞ்சில் வைத்து ஒன்றாக வந்தது.

"ஈரல் நல்லா இருக்கணும்னா குடுத்தேன்?" என்றேன். குரல் ஏறிவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "நீங்க இருக்கணும்னுதானே குடுத்தேன். நீங்க இல்லாமப் போயி, அது எங்கிட்ட நல்லா இருந்து நான் என்ன பண்ண?"

அழுதேன். நான் அழுவதை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார், என்னிடம் அழுதவர்களை நான் பார்த்த மாதிரி இல்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் தேயிலைத் தூசி வாசம் இருந்தது.

"இப்ப இருக்கேன்ல" என்றார்.

கஹவத்தை பஸ் வந்தது. அதில் சனம் அடைந்து கிடந்ததால், அடுத்ததில் போகலாம் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.